பட்டறைப் பால்

வாரத்தின் முதல் நாள் காலையில் எங்கள் தெருவுக்கு அழுகின முட்டை நாற்றம் வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் சாக்கடையைத் திட்டுவார்கள். பழகினவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, லேத்துப் பட்டறையில் மெஷினைப் போட்டாயிற்று, நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடுவார்கள். வெயில் கூரைக்கு மேலே ஏறுவதற்குள் நாற்றம் அடங்கிவிடும். அப்புறம் வாரம் முழுக்கச் சூடான இரும்பின் வாசனையும் தேநீர் வாசனையும்தான்.

என் கடை அந்தப் பட்டறைக்கு நேர் எதிரே இருக்கிறது. எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிற வேலை. அதனால் தெருவில் எனக்குக் காயில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. கம்பி சுற்றுவதில் கைக்குத்தான் வேலை. கண்ணும் காதும் சும்மா கிடக்கும். அவற்றை நான் எதிர்வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பட்டறை ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். வாசலை ஒட்டி லேத்து. அதற்குப் பின்னால் துளை போடும் மெஷின், இரும்பு அறுக்கும் மெஷின், ஒரு நீள மேஜை. சுவரோரமாகப் படி ஏறினால் மேலே அவர்கள் வீடு. லேத்தில் நிற்பது வீட்டுக்காரர். இரும்புத் தண்டை மெஷினின் பல்லிடுக்கில் மாட்டிச் சுழலவிட்டு, கத்தியை மெல்லக் கொடுத்து, வேண்டிய அளவுக்குக் கடைந்து எடுப்பார். நல்ல உயரம், பேச்சு கம்மி. அறுப்பது, துளை போடுவது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, வராதவர்களைப் போனில் கூப்பிட்டுத் திட்டுவது எல்லாம் அவர் மனைவி. தெருவுக்கே அவள் பட்டறையக்கா. எனக்கு மட்டும் தங்கச்சி.

பாலைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

பால் என்றால் குடிக்கிற பால் இல்லை. இரும்பைக் கடையும்போது கத்தி முனை சூடேறாமல் இருக்க மேலே விட்டுக்கொண்டே இருக்கிற திரவம். ஒரு எண்ணெயைத் தண்ணீரில் கலக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். மெஷினுக்கு அடியில் தொட்டி இருக்கிறது. பம்பு அதிலிருந்து இழுத்து மெல்லிய குழாய் வழியாகக் கத்தியின் மேல் விடும். வழிந்தது மறுபடி தொட்டிக்கே போகும். சுற்றுகிற இரும்பில் பட்டுச் சிதறுகிற கொஞ்சம் மட்டும் கீழே இறங்காமல் வெண்புகையாக மிதக்கும்.

காலை வெயில் எங்கள் தெருவில் சாய்வாக வரும். அது பட்டறை வாசலில் நுழைந்ததும் புகை முழுக்க வெளிச்சம் ஊறிவிடும். அதற்குள்ளே லேத்துக்காரர் இடுப்புவரை தெரிவார், அப்புறம் தோள் தெரியும், அப்புறம் கையில் சுருண்டு விழுகிற இரும்புச் சீவல் மட்டும் மினுக்கும். மெஷின் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கும். எத்தனையோ காலைகளில் கம்பிக் கணக்கை மறந்து, மறுபடி முதலிலிருந்து சுற்றியிருக்கிறேன். அவ்வளவு அழகாக இருக்கும் அது.

அந்தப் பாலில் ஒரு சங்கடம் உண்டு. புதிதாகக் கலக்கியது காரமாக இருக்கும், நுரைத்துத் தள்ளும். நாள் முழுக்க அதில் கை நனைகிறவர்களுக்கு விரலிடுக்கு சிவந்து தோல் வெடித்துவிடும். லேத்துக்காரருக்குக் கல்யாணமான புதிதில் கை அப்படித்தான் இருந்ததாம். அவரால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாதாம். அப்போது இருவரும் ஒரு பெரிய பட்டறையில் வேலை பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய பாலை மொத்தமாகக் கொட்டமாட்டார்கள். ஒரு குவளை எடுத்து வைத்து, தொட்டியில் புதுப் பால் கலக்கியதும் அதை ஊற்றி, ரெண்டு நாள் அப்படியே விடுவார்கள். காரம் அடங்கும், நுரை அடங்கும், கையைக் கடிக்காது. அதற்கு உறை ஊற்றுவது என்று பெயர்.

தனியாகப் பட்டறை போட்டபோது அவள் அங்கிருந்து ஒரு மூடி போட்ட குவளையில் உறை கொண்டுவந்தாள். "இவ கொண்டுவந்த சீதனம் இதுதான்," என்று லேத்துக்காரர் கேலி செய்வார். அவளுக்கு அதில் பெருமை. "எங்க பாலுக்கும் எங்க கல்யாணத்துக்கும் ஒரே வயசு," என்பாள். அவர் கையைப் பிடித்து எனக்குக் காட்டுவாள். "பாருங்கண்ணே, கடைசல்காரன் கையா இது? பள்ளிக்கூட வாத்தியார் கை." உண்மைதான். அந்தக் கையில் ஒரு வெடிப்புக் கிடையாது.

மழைக்காலம் ஒன்றில் அவருக்கு வறட்டு இருமல் வந்தது. மழை போயிற்று, இருமல் போகவில்லை. மதியத்துக்கு மேல் நெஞ்சுக்குள் கீச்சு கீச்சென்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. படி ஏறுகிறவர் நடுவில் நின்று, எதையோ மறந்தவர் மாதிரி சுவரைப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறது என்று வெளியே தெரியக் கூடாதாம்.

நான் சும்மா இருப்பேனா? "என்னய்யா, லீவு நாள்ல ஜம்முனு இருக்கே, மெஷினைப் போட்டா இருமுறே. பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு வயித்து வலி வர்ற மாதிரில்ல இருக்கு?" என்றேன்.

"போய்யா காயில்," என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அவள் வீட்டைச் சந்தேகப்பட்டாள். முதலில் சன்னல் விளிம்பில் இருந்த புறாக்கள் போயின. அப்புறம் ஈரம் பூத்த சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தாள். முகத்துக்குப் போடுகிற பவுடரை நிறுத்தினாள். பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடையில் விட்டாள். பூனை என் கம்பிச் சுருள்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு, எதிரே பார்த்துக் கோபமாகக் கண்ணை மூடிக்கொள்ளும்.

அவள் தம்பி மெத்தைக் கடை வைத்திருந்தான். ஏரிக்கரை ஊர் ஒன்றில் வீடு. அக்காள் புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்றதும் வண்டியில் மெத்தையோடு வந்து இறங்கினான். மதியச் சாப்பாட்டு நேரம். நீள மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துச் சோறும் அவித்த முட்டையும் வைத்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

"மாமா, நான் சொல்றேன், இது மெத்தைதான். பழைய மெத்தையில கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும்," என்றான் தம்பி.

"உன்கிட்ட தலைவலின்னு வந்தாலும் மெத்தைதான் விப்பே," என்றாள் அக்காள்.

"சும்மா தர்றேங்கறேன், வித்துட்டேன்னு சொல்றியே. இப்ப நீயே சொல்லு, ராத்திரி எப்படித் தூங்குறார்?"

"உக்காந்துக்கிட்டே. தலையணையைச் சுவத்துல சாச்சு வெச்சுக்கிட்டு."

"பாத்தியா? படுத்தா முடியல. அப்ப மெத்தைதானே?"

"முட்டையைத் தின்னுடா முதல்ல."

லேத்துக்காரர் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். சாப்பிடவும் மூச்சு வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு கவளம் எடுப்பார், வாயை மூடினால் திணறும், பாதி மென்று நிறுத்துவார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார்:

"நேத்து ஒரு கனவு. தண்டு ஒண்ணைக் கடையறேன். கடையக் கடைய அது முடியல, நீளமா வந்துக்கிட்டே இருக்கு. சீவல் வெள்ளையா, துணி மாதிரி. படியில ஏறி, வீட்டுக்குள்ள போய், சன்னல் வழியா வெளிய போகுது. நானும் அது பின்னாலயே போறேன். காலே தரையில படல."

"மூச்சு?" என்று கேட்டாள்.

"மூச்சுன்னு ஒண்ணு இருக்கற ஞாபகமே இல்ல. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

அவள் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

புது மெத்தையும் ஒன்றும் செய்யவில்லை. பிறகு லேத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. மாற்றுச் சாமான் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். தம்பி இருவரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். போன மூன்றாம் நாளே அவள் எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, இவர் கரையோரமா நடக்குறார். நடந்துக்கிட்டே பேசுறார். நேத்து தம்பியோட சேந்து மெத்தை தூக்குறார்!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த ஊர்க் காற்றுதான் ஆகவில்லை, ஊரை மாற்றிவிட வேண்டியதுதான் என்று அவள் அங்கேயே வீடு தேடத் தொடங்கிவிட்டாள்.

சாமான் வந்தது, அவர்களும் வந்தார்கள். சக்கரத்தை மாட்டி, அந்த வாரத்தின் முதல் நாள் மெஷினைப் போட்டார். பால் அத்தனை நாளும் அசையாமல் கிடந்திருந்தது. அன்றைக்கு வந்த நாற்றத்தில் என் பூனை எழுந்து கடையின் பின்பக்கம் போய்விட்டது. புகை வழக்கம்போல வெயிலில் மிதந்தது. அதற்குள் அவர் வழக்கம்போல நின்றார்.

மதியம் தாண்டி அவள் கத்தினாள். நான் ஓடினேன். அவர் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம். ஒரு வார்த்தை வரவில்லை. என் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். அங்கே முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் வடிந்தது. அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நெஞ்சுநோய் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார், உடனே தும்மினார்.

"யார் வீட்ல பூனை?"

"இவங்க பூனைதான்," என்றேன். "எங்கிட்ட இருக்கு."

"எனக்குப் பூனை ஆகாது. நீங்க அந்தச் சன்னலோரமா உக்காருங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு லேத்துக்காரரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. என்ன வேலை பாக்குறீங்க? காலையில கதவைத் திறக்கறதுலேருந்து சொல்லுங்க. அவசரமே இல்ல."

பேச்சு கம்மியான மனிதர் அன்றைக்குப் பேசினார். தண்டை எப்படி மையத்தில் பிடிப்பது, கத்தியை எவ்வளவு சாய்ப்பது, சீவலின் நிறத்தைப் பார்த்துச் சூட்டை எப்படிச் சொல்வது எல்லாம் சொன்னார். கையாலேயே காற்றில் கடைந்து காட்டினார். டாக்டரம்மா நடுவே குறுக்கிடாமல் கேட்டார். பால் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"அது புகையா வருமா?"

"வரும்."

"எந்த நாள்ல மூச்சு அதிகமா வாங்குது?"

அவர் யோசித்தார். "வாரத்தோட முதல் நாள்."

"லீவு நாள்ல?"

"குறையுது."

நான் சன்னலோரம் நெளிந்தேன். மாசக்கணக்கில் கேலி பண்ணியது இதைத்தான். டாக்டரம்மா ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, தொட்டியிலிருந்து பால் கொண்டுவரச் சொன்னார். அதுவரை மெஷின் பக்கமே போகக் கூடாது என்றார்.

இங்கேதான் தங்கச்சி ஒரு காரியம் செய்தாள். விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டைக் கூட்டித் துடைக்கிறோம் இல்லையா, அந்தப் புத்திதான். நாறுகிற பாலையா டாக்டருக்குக் கொடுப்பது? தொட்டியைக் காலி செய்து கழுவிப் புதுப் பால் கலக்கினாள். வழக்கம்போல ஒரு குவளை உறை ஊற்றினாள். ரெண்டு நாள் விட்டு, பளிச்சென்று இருந்ததைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த நல்ல பால் அதுதான்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா பாட்டிலை மேஜையில் வைத்திருந்தார்.

"இது எத்தனை நாளா ஓடுன பால்?"

"புதுசு டாக்டர். கலக்கி ரெண்டே நாள்ல கொண்டாந்து குடுத்தேன்," என்றாள் தங்கச்சி.

"புதுசா?" டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது. "இதுல பாக்டீரியா மொய்க்குதே. வருஷக்கணக்கா கிடந்த குட்டை மாதிரி."

"கிருமியா? அப்ப இவருக்குத் தொத்துநோயா?"

"இல்லம்மா. கிருமின்னா உடனே தொத்துன்னு நினைச்சுக்கறோம். இதுங்க இவர் நெஞ்சுல குடியேறல. தொட்டியில வளருதுங்க, அங்கேயே சாகுதுங்க. அதுங்க உடம்பு துணுக்குத் துணுக்கா அந்தப் புகையோட மிதக்குது. நாள் முழுக்க இவர் அதை இழுக்குறார். ஒரு நாள் இவர் உடம்பு முழிச்சுக்கிட்டு, திருடன் வந்துட்டான்னு உள்ள இருக்கற கதவையெல்லாம் சாத்துது. காத்து போற வழி வீங்கிடுது. அந்தச் சந்துல மூச்சு நுழையற சத்தம்தான் உங்களுக்குக் கேக்கற கீச்சு."

"மருந்து ஊத்திக் கொன்னுட்டா?" என்று நான் கேட்டேன்.

"செத்ததும் அதே வேலையைத்தான் செய்யும். துணுக்கு துணுக்குதானே."

"அப்ப எனக்கு ஏன் வரல?" என்றாள் தங்கச்சி. "நானும் அங்கதானே கிடக்கறேன்?"

"உடம்புக்கு உடம்பு மாறும். நம்ம தோல்ல, வயித்துல எல்லாம் பாக்டீரியாதான். பாதிக்குமேல நமக்கு வேலைக்காரங்க மாதிரி உழைக்குதுங்க. சின்ன வயசுல அதுங்களோட பழகினா அலர்ஜி கம்மியாகும்னுகூடச் சொல்றாங்க. எது, எங்க, எவ்வளவுங்கறதுதான் விஷயம்." டாக்டரம்மா பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டினார். "ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. புதுசாக் கலக்கின பால்ல ரெண்டு நாள்ல இவ்வளவு வளராது. எங்கேருந்தாவது வந்திருக்கணும். பழசை முழுசா எடுத்துடுவீங்கல்ல?"

லேத்துக்காரர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் கழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"முழுசா எடுத்துடுவோம் டாக்டர்," என்றார். "சொட்டு மிச்சம் வைக்க மாட்டோம். தண்ணி சரியில்ல போல. எங்க தெருத் தண்ணியே அப்படித்தான்."

"தண்ணின்னா இவ்வளவு இருக்காதே." டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "சரி, அப்ப பாட்டில்ல ஏறின கிருமியாக்கூட இருக்கலாம், பாலோட தப்பு இல்லாமக்கூட இருக்கலாம். தண்ணியைப் பாப்போம், வேற எதாவது இருக்கான்னும் பாப்போம். அதுவரைக்கும் மூச்சுல இழுக்கற மருந்து தர்றேன். இழுத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா வேலைக்குப் போங்க."

"சரிங்க டாக்டர்," என்றார். மெஷினுக்குத் திரும்பப் போகிற சந்தோஷம்கூட அந்தக் குரலில் தெரிந்தது. இவ்வளவு சரளமாகப் பொய் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

தங்கச்சி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"நான்தான் உறை ஊத்துவேன்," என்றாள்.

"என்னது?"

"பழைய பால்ல ஒரு குவளை எடுத்து வெச்சு புதுசுல ஊத்துவேன். ஒவ்வொரு தடவையும். பட்டறை ஆரம்பிச்ச நாள்லேருந்து. இவர் பொய் சொல்றார். எனக்காகச் சொல்றார்."

"ஏய், சும்மா இரு," என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. சும்மா இருந்தா திரும்ப அந்தப் புகையில போய் நிப்பீங்க." அவள் டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "புதுப் பால் இவர் கையைத் தின்னுது டாக்டர். உறை ஊத்தினா கடிக்காது. அதுக்காகத்தான் ஊத்தினேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் கையைக் காட்டச் சொன்னார். புரட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு கை," என்றார் மெதுவாக. "நீங்க செஞ்சது கைக்கு வேலை செஞ்சிருக்கும்மா. பாக்டீரியா பெருகினா பாலோட காரம் குறையும். அதுல பொய்யில்ல."

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். தொட்டி, பம்பு, குழாய் எல்லாவற்றையும் பிரித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய் வளைவில் வழவழப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அதுவே உறையாகிவிடும். மெஷினுக்கு மூடி, புகையை வெளியே தள்ளக் காற்றாடி, வாரந்தோறும் பால் சோதனை. அத்தனையும் செய்தாலும், விழித்துக்கொண்ட உடம்பு மறுபடி தூங்குமா என்று சொல்ல முடியாது. துளி வாசனைக்கே கதவைச் சாத்தலாம். அப்படி என்றால் அந்த இடத்தில் அவர் நிற்கவே கூடாது.

அன்றைக்கும் என் வண்டியில்தான் திரும்பினோம். பாதி வழியில் தங்கச்சி அவரிடம் சொன்னாள்: "நான் உங்க கையைத்தான் பாத்தேன். நெஞ்சைப் பாக்கல."

"கை நல்லாத்தானே இருக்கு," என்றார் அவர். அந்தக் கையை அவள் மடியில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டறையைக் கழுவின நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. நான் பம்பைப் பிரித்தேன். மெத்தைக்காரத் தம்பி முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வந்து, முகம் சுளித்து, முனகி, எல்லோரையும்விட அதிகமாக வேலை செய்தான். தொட்டியின் மூலைகளில் சாம்பல் நிறத்தில் ஆடை ஆடையாக உரிந்து வந்தது. தங்கச்சி பிரஷ்ஷோடு தொட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துவிட்டாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். பழைய கழிவை டிரம்மில் பிடித்து, கழிவெண்ணெய் எடுக்கிறவர்களிடம் கொடுத்தோம். உறை எடுக்கிற குவளையையும் அதோடு போட்டுவிட்டாள். பழைய குழாய்களை வெட்டி எறிந்து புதிது மாட்டினோம். வாசலுக்கு மேலே வைத்த காற்றாடிக்கு நானே கம்பி சுற்றிக் கொடுத்தேன். லேத்துக்காரரை என் கடையில் உட்கார வைத்திருந்தார்கள். மழைத் திரைக்கு அந்தப் பக்கம் நாங்கள் நிழல்களாகத் தெரிந்திருப்போம். அவர் அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யோவ் காயில், அந்த வாஷரைத் தலைகீழா மாட்டாதே!"

"தெரியும்யா!" என்று கத்திவிட்டுத் திருப்பி மாட்டினேன்.

மழை விட்டு, புதுப் பால் கலக்கினாள். லேசான நீலம் ஓடிய வெள்ளை. முகர்ந்து பார்த்தால் எண்ணெய் மணம் மட்டும். எதையும் ஊற்றவில்லை. வாரத்தின் முதல் நாள் வந்தது. நாற்றம் வரவில்லை. தெருவில் பாதிப் பேர் வேலைக்கு நேரம் கழித்துப் போனார்கள்.

அவர் கைக்குக் களிம்பு தடவி, மெல்லிய கையுறை மாட்டி, மூக்குக்கு முகமூடி கட்டி, லேத்துக்கு முன்னால் போய் நின்றார். காலை வெயில் சாய்வாக உள்ளே வந்தது. மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சமே கொஞ்சம் புகை வந்து காற்றாடிப் பக்கம் வளைந்து போயிற்று. மெஷின் முனகல் தெருவுக்கு வந்ததும் எனக்குக் கண் சொருகியது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நம்பிவிட்டேன். நம்ப ஆசையாக இருந்தது.

ஆனால் மெஷின் சத்தம் சீராக இல்லை. கத்தி இரும்பில் ஏறும், நடுவில் நிற்கும், மறுபடி ஏறும். அவர் வாசலுக்கு வருவார், தெருவை வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி முகமூடியை இறக்கி மூச்சு விடுவார், நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு உள்ளே போவார். முத்துக் குளிக்கிறவன் மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தங்கச்சிக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. மெயின் சுவிட்சை இறக்கினாள். பட்டறை அமைதியானது.

"யாரது நிறுத்தினது?"

"நான்தான்."

"பாதியில நிக்குதே!"

"நிக்கட்டும். எவ்வளவு நேரமா மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பேசுங்க. ஒரு மூச்சுல இன்னும் நாலு வார்த்தை பேசுங்க, சுவிட்சைப் போடறேன்."

அவர் வாயைத் திறந்தார். கீச்சுச் சத்தம்தான் வந்தது. படியில் உட்கார்ந்தார். அவள் மருந்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். இழுத்து, காத்திருந்து, மறுபடி இழுத்தார். வெகுநேரம் கழித்துச் சிரித்தார்.

"தொட்டி புதுசு, குழாய் புதுசு, பால் புதுசு. நான் ஒருத்தன்தான் பழசு."

அவளுக்கு அந்தச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னால வந்தது," என்றாள். "நான் சாகிறவரைக்கும் என்னால வந்ததுதான். அதைப் பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல. நீங்க இனிமே இங்க நிக்க வேண்டாம்."

"அப்ப லேத்தை யார் ஓட்டுறது?"

"நான்."

"நீயா?"

"பெரிய பட்டறையில நானும் லேத்துதான் ஓட்டினேன். மறந்துட்டீங்களா? இங்க ஒரு லேத்துதான் வாங்க முடிஞ்சுச்சு. உங்களுக்கு விட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். மறந்துதான் போயிருந்தார் என்று முகத்தில் எழுதியிருந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தார். நான் ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். பூனை வந்து அவரை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

எதிரே அவள் முகமூடியைக் கட்டிக்கொண்டாள். பாதியில் நின்ற உருளையை எடுத்துவிட்டுப் புதுத் தண்டு ஒன்றை மாட்டினாள். மெஷின் ஓடியது. முதலில் கத்தி கிறீச்சிட்டது. அவர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தார். சத்தம் சரியாயிற்று, உட்கார்ந்தார். அப்புறம் வெகுநேரத்துக்கு ஒரே முனகல். வெயில் தெருவில் மெல்ல நகர்ந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார், ஆனால் தூங்கவில்லை; முழங்காலில் வைத்த கை, கத்தியின் கைப்பிடியைத் திருகுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நெஞ்சுச் சத்தம் குறைந்து, குறைந்து, நின்றுவிட்டது.

அவள் கடைந்து முடித்த உருளையைத் துணியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். நன்றாகத் துடைத்திருந்தாள். தன் சட்டைக் கை முழங்கைவரை பாலில் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கடைக்குள் வராமல் வாசலிலேயே தள்ளி நின்றாள். நான்தான் வாங்கி அவரிடம் கொடுத்தேன்.

"அளவு பாருங்க," என்றாள்.

அவர் அளவுக்கருவியை வைத்துத் திருகினார். பார்த்தார். உருளையைத் திருப்பி இன்னொரு இடத்தில் வைத்தார். மறுபடி முதல் இடத்துக்கே வந்தார். பிசகியிருக்க வேண்டும் என்று அந்த மனிதர் ஆசைப்பட்டார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மயிரிழை கூடுதலாக இருந்தாலும் போதும், எழுந்து போய்ச் சொல்லித்தந்துவிட்டு வரலாம். வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் அதையே ஆசைப்பட்டேன்.

"என்னங்க, தப்பாயிடுச்சா?"

டாக்டரிடம் அவளுக்காகப் பொய் சொன்னவர். காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளை ஏமாற்றப் பார்த்தவர். ஆமாம், பிசகிவிட்டது என்று இன்னொரு பொய் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"இல்ல," என்றார். "சரியா இருக்கு. நான் கடைஞ்சாலும் இப்படித்தான் இருக்கும்."

அவள் நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போ, அடுத்ததை மாட்டு," என்றார்.

அவள் போனாள். எதிரே லேத்து ஓடத் தொடங்கியது. அதற்கப்புறம் அவர் அழுதார். நெஞ்சில் ஒரு கீச்சுச் சத்தமும் இல்லாமல், நிறைய நிறைய மூச்சு இழுத்து அழுதார்.